மடுவம் வரை வராத மருத்துவம்

காலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் நின்று பார்த்தால் ஓர் அசைவு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தலையிலிருந்து கயிற்றைக் கழற்றி, ஈரக் கொழுந்து நிறைந்த பையைக் கீழே இறக்கி, வரிசை நகர்ந்ததும் மூச்சைப் பிடித்து மறுபடி தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டுவார் கொழுந்து பறிக்கும் பெண். கிலோ எவ்வளவு என்று குரல் வரும், கணக்கப்பிள்ளை எழுதுவார், தண்ணீருக்கும் பைக்கும் என்று கொஞ்சம் கழியும். எல்லார் கண்ணும் முள்ளின் மேல் இருக்கும். மூச்சைப் பிடித்த அந்த இரண்டு விநாடியில் வயிற்றுக்குள் எழுந்த அழுத்தம் எங்கே போய் இறங்கியது என்று கேட்க அங்கே ஆள் கிடையாது.

அது இறங்கும் இடம் இடுப்புத்தளம். முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, ஏணைத் துணியைப் போலக் கட்டப்பட்ட தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இவை. பிரசவத்தில் இவை பல மடங்கு இழுபடுகின்றன. சில பெண்களுக்குத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் மாதக்கணக்கில் தேறிவிடும். தேறாதபோது இருமினால், தும்மினால், சுமை தூக்கினால் சிறுநீர் கசியும். கருப்பையோ சிறுநீர்ப்பையின் சுவரோ கீழே இறங்கும். இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் இது புதுச் செய்தி அல்ல. "கர்ப்பப்பை இறங்கிடுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வார்கள். டிஸ்பென்சரியில் சொல்வது இடுப்புவலி.

பெண்ணின் இடுப்புத்தள நலத்துக்கென்றே இயன்மருத்துவத்தில் (பிசியோதெரபி) ஒரு தனிப் பிரிவு உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. அதற்கான சான்றிதழ்கள், பட்டப்பின் படிப்புகள், பயிற்சிப் பட்டறைகள் பெருகியிருக்கின்றன. இலங்கையிலும் அந்த ஆர்வம் இளம் இயன்மருத்துவர்களிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி எந்த அறையை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கதவு சாத்திய, சூடான, ஒரு கட்டிலும் ஒரு திரையும் உள்ள அறை அது. நோயாளி தானே நேரம் பதிந்து வருவார், ஆறு தடவை வருவார், வீட்டில் தினமும் மூன்று வேளை படுத்துக்கொண்டு பயிற்சி செய்வார். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டத்தில் இந்த வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டும் பிசகும்.

இந்தத் துறையின் தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 1912இல் லண்டனின் சென்ட் தோமஸ் மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவர் ஃபெயர்பெர்ன், பிரசவித்த பெண்களைப் படுக்கையிலேயே கிடத்திவைக்கும் அக்கால வழக்கத்தால் வரும் கெடுதலைக் கண்டு, அவர்களுக்கு உடற்பயிற்சி வகுத்துத் தரும்படி மினி ரண்டெல் என்பவரைக் கேட்டார். ரண்டெல் தாதி, மருத்துவமாது, மசாஜ் சிகிச்சையாளர் மூன்றுமாக இருந்தவர். பிரசவம் பார்த்த கையும் தசையைத் தேற்றிய கையும் ஒன்றாகவே இருந்தன. பிற்பாடுதான் தொழில்கள் பிரிந்தன, சங்கங்கள் வந்தன. அமெரிக்காவில் 1977இல் எலிசபெத் நோபிள் முன்னின்று அமைத்த பிரிவும், 1999இல் யோக்கஹாமாவில் உருவான பன்னாட்டு அமைப்பும் அந்த வழியில் வந்தவை. இந்தப் பிரிவினையால் நிபுணத்துவம் கூடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் இயன்மருத்துவர்கள் அரிதாகவும் மருத்துவமாதர்கள் ஊர்தோறும் இருக்கிற ஒரு நாட்டுக்கு, பிரிவதற்கு முந்தைய அந்த வடிவமே பொருத்தம் என்பது என் கருத்து.

அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948இல் தன் ஆய்வை வெளியிட்டபோது, பயிற்சியோடு ஒரு அளவுமானியையும் வைத்தார். பெண் தன் தசையை இறுக்குகிறாரா, எவ்வளவு இறுக்குகிறார் என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் பிடிவாதம். காலப்போக்கில் அளவுமானி போய், அவர் பெயர் மட்டும் துண்டுப்பிரசுரத்தில் மிஞ்சியது. அதன் விளைவை 1991இல் பம்ப் என்பவரின் குழு அளந்தது. வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்த 47 பெண்களில் சுமார் பாதிப் பேரே சரியாக இறுக்கினார்கள். கால்வாசிப் பேர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில், அதாவது கீழே முக்கும் விதத்தில் செய்தார்கள். பிரசுரம் அச்சடித்துக் கிளினிக்கில் வைத்துவிட்டுத் திட்டம் நடைபெறுகிறது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த எண்ணை மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

சரியாகக் கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. 2018இல் வந்த கொக்ரேன் மீளாய்வில், இருமல், தும்மல், சுமையால் கசியும் பெண்களில் பயிற்சி பெற்றவர்களில் 56 வீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி பெறாதவர்களில் அது 6 வீதம். கருப்பை இறக்கத்துக்கு 2014இல் லான்செட்டில் வெளியான ஆய்வு ஒன்று பிரிட்டன், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா மூன்றிலும் 447 பெண்களைச் சேர்த்தது. 16 வாரங்களில் ஐந்து தடவை இயன்மருத்துவரைத் தனியே கண்டவர்களுக்கு ஓராண்டின் பின்னும் தொந்தரவு குறைவாக இருந்தது. முற்றாக வெளியே வந்துவிட்ட கருப்பையைப் பயிற்சி உள்ளே ஏற்றிவிடாது. அதற்கு உள்ளே பொருத்தும் வளையமோ அறுவையோ வேண்டும். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இதைவிட மலிவான, பாதுகாப்பான சிகிச்சை இல்லை.

நோர்வேயின் காரி பூ 1990இல் காட்டிய இன்னொன்று நமக்கு இன்னும் முக்கியம். ஒரே பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்த பெண்களில் சுமார் 17 வீதத்தினரே நன்கு தேறினர். அதோடு வாரம் ஒரு முறை குழுவாகக் கூடி ஆசிரியர் முன்னிலையிலும் செய்தவர்களில் 60 வீதத்தினர். தசைக்குப் பயிற்சி ஒன்றுதான். மாறியது பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பது. பங்களாதேஷின் 16 கிராமங்களில் 60 முதல் 75 வயதுப் பெண்களிடம் நடந்து, 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வும் குழு வகுப்பின் பக்கமே சாட்சி சொல்கிறது. வாரம் இரு முறை, 12 வாரம், ஊருக்குள்ளேயே. பெரிய ஆஸ்பத்திரி எதுவும் தேவைப்படவில்லை.

இலங்கையில் இந்தப் பயிற்சியை யார் பெறுவது? கொழும்பில் தேசிய வைத்தியசாலையோடு இணைந்த இயன்மருத்துவப் பள்ளி பல பத்தாண்டுகளாக டிப்ளோமாதாரிகளை உருவாக்குகிறது. பேராதனையிலும் கொழும்பிலும் பட்டப்படிப்பு வந்தது இந்த நூற்றாண்டில். கற்கைமொழி ஆங்கிலம். வெளியேறும் இளைஞர் பெரும்பாலும் ஆதார வைத்தியசாலைகளிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் நியமனம் பெறுகிறார். அங்கே அவர் முன் வருவது பக்கவாதம், எலும்பு முறிவு, முதுகுவலி. மகப்பேற்று விடுதிக்கு அவர் அழைக்கப்படுவது பிரசவத்துக்குப் பின்னான நடையையும் மூச்சுப் பயிற்சியையும் பார்க்க. இடுப்புத்தளத்தை உள்ளே விரலால் சோதித்துத் தசைவலுவைத் தரப்படுத்த, சம்மதம் எப்படிப் பெறுவது, யார் உடன் நிற்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கற்க, மேற்பயிற்சி தேவை. அதை வெளிநாட்டுப் படிப்பிலோ குறுகிய பட்டறையிலோதான் தேடுகிறார்கள். அப்படிக் கற்றவரும் கொழும்பிலேயே தனியார் துறையில் தங்கிவிடுவது இயல்பு. மலையில் அவருக்கு நோயாளிகள் இருக்கிறார்கள், நேரம் பதியும் நோயாளிகள் இல்லை.

மலையில் ஏற்கனவே இருப்பவர் குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் மருத்துவமாது. லயத்தில் எல்லாரும் 'மிட்வைஃப் மிஸ்' என்று கூப்பிடுகிறவர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே இலங்கை கட்டிய ஆகப் பெரிய மருத்துவச் சொத்து இவர்கள்தான். இன்று நாட்டின் பிரசவங்களில் ஏறத்தாழ எல்லாமே வைத்தியசாலையில் நடக்கின்றன. தோட்டத்துப் பெண்ணும் டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ பெற்றெடுக்கிறார். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் அந்தப் பகுதிக்குப் பெரிய வாய்ப்பு. ஆனால் பிரசவித்துத் திரும்பிய பெண்ணின் வீட்டுக்கு வருகிறவர் மிட்வைஃப் மட்டுமே. முதல் பத்து நாட்களுக்குள் வருவார், மூன்றாம் வாரமளவில் வருவார், ஆறாம் வாரமளவில் வருவார். குழந்தையின் எடை, தாய்ப்பால், தையல், காய்ச்சல், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் கேட்பார். அந்தப் பட்டியலில் இரண்டு கேள்வி கூட்ட வேண்டும். ஒன்று, இருமும்போது நனைகிறதா. மற்றது, கீழே ஏதாவது தட்டுப்படுவது போல இருக்கிறதா.

கேட்கிற விதம் முக்கியம். "சிறுநீர் கட்டுப்பாட்டில் சிக்கல் உண்டா?" என்று படிவத்திலிருந்து வாசித்தால் "இல்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். "அக்கா, மலை எறங்கும்போது, கூடை தூக்கும்போது ஒண்ணுக்கு சொட்டுதா? நெறைய பேருக்கு இருக்கு, சரியாக்கலாம்" என்றால் வேறு பதில் வரலாம். "நெறைய பேருக்கு இருக்கு" என்பதில்தான் விஷயம். அதே போல, "வாயு வராம அடக்குற மாதிரி உள்ளுக்கு இழுங்க, வயித்த இறுக்காதீங்க, மூச்ச விடுங்க" என்பது எந்த மொழிபெயர்ப்புப் படிவத்தையும்விடச் சரியாகத் தசையைத் தொடும். இந்தப் பேச்சைத் தமிழில் பேசக்கூடிய சுகாதார ஊழியர் போதாமை மலையகத்தின் பழைய முறைப்பாடு. இங்கே அது வெறும் வசதிக்குறைவு அல்ல. மகனையோ மருமகனையோ நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்லும் இடத்தில் இந்த நோய் வாய்திறக்காது.

இன்னொரு வாசலும் ஏற்கனவே திறந்திருக்கிறது. 1996 முதல் நாட்டில் நடக்கும் வெல் வுமன் கிளினிக், 35 வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அழைக்கிறது. அந்தச் சோதனைக்காகப் பெண் படுக்கும் அந்த ஒரு சில நிமிடங்களில், "கொஞ்சம் இருமுங்க" என்றால் இறக்கம் தெரிந்துவிடும். "இறுக்குங்க" என்றால் தசை வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். தனியாக ஒரு கிளினிக், தனியாக ஒரு நாள், தனியாக ஒரு வெட்கம் எதுவும் வேண்டாம்.

ஆக, மலையகத்துக்கான பயிற்சியில் இயன்மருத்துவர் கற்க வேண்டிய முதல் பாடம் கற்பிப்பது. ஒரு மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நிபுணர்கள் ஒவ்வொரு பெண்ணையும் தாங்களே பார்க்க முடியாது. மிட்வைஃப்களுக்குச் சரியான இறுக்கத்தையும் முக்குதலையும் வேறுபடுத்தக் கற்றுக்கொடுத்து, சரிவராதவர்களைத் தம்மிடம் அனுப்பச் சொல்லி, மாதம் ஒரு நாள் அவர்களோடு கிளினிக்கில் நின்றால் போதும்.

இரண்டாவது பாடம், வேலையைப் படிப்பது. இதைத்தான் பட்டறைகள் சொல்லித் தருவதில்லை. பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும். அதற்குக் குறைந்தால் அரைப் பேர். மூன்று நிறுவை என்றால் ஒவ்வொரு முறையும் சராசரி ஆறு கிலோ, கொழுந்து மிகுந்த மாதங்களில் அதற்கு மேல், மழை நாளில் தண்ணீரும் சேர்ந்து. நிறுவை இரண்டாகக் குறைந்தால் ஒவ்வொரு சுமையும் பாதி கூடும். மடுவம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது இன்னொரு கணக்கு. பேறுகால விடுதிகளில் சொல்லும் வழக்கமான அறிவுரை, ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் தூக்காதே என்பது. மூன்றரைக் கிலோ. விறகுக்கட்டும் தண்ணீர்க் குடமும் இந்த அறிவுரையைக் கேட்பதில்லை.

சுமை தூக்குவதுதான் காரணமா என்று கேட்டால் நேர்மையான பதில் சற்றுச் சிக்கலானது. டென்மார்க்கில் 28,000க்கும் மேற்பட்ட உதவித் தாதிகளை வைத்து 1994இல் வந்த ஆய்வில், இறக்கத்துக்கு அறுவை செய்யும் வாய்ப்பு அவர்களுக்குப் பொதுவான பெண்களைவிட 1.6 மடங்கு இருந்தது. நோயாளிகளைத் தூக்குவதே அவர்கள் வேலை. மறுபக்கம், முறையாகப் பழகிப் பளு தூக்கும் பெண்களுக்குத் தசை வலுப்பெறுகிறது என்ற வாதமும் உண்டு. இரண்டும் மெய்யாக இருக்கலாம். தன் விருப்பத்துக்கு, தன் அளவுக்குத் தூக்குகிறவரையும், பிள்ளை பெற்ற தையல் ஆறிய கையோடு வழுக்கும் சரிவில் தூக்குகிறவரையும் ஒரே அட்டவணையில் போட முடியாது. அதோடு தோட்டத்துப் பெண்ணுக்கு வேறு காரணங்களும் கூடுகின்றன. விறகடுப்புப் புகையால் நாள்பட்ட இருமல். மலையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவது. தண்ணீர் குறைவதால் வரும் மலச்சிக்கல், கழிப்பறையில் முக்குவது. நீர்ச்சத்துக் குறைந்த உடலுக்கு இடுப்புத்தளப் பயிற்சி மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை.

மகப்பேற்று விடுமுறைச் சட்டமும் இந்தப் பாடத்தில் வர வேண்டும். 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கும் பொருந்தும். நெடுங்காலமாக முதலிரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரமும், மூன்றாவது முதல் 6 வாரமுமே கிடைத்தது. 2018 திருத்தம்தான் எல்லாப் பிரசவத்துக்கும் அதைச் சமமாக்கியது. அதாவது, இன்று நாற்பது, ஐம்பது வயதில் இறக்கத்தோடு இருக்கும் ஒரு பெண், மூன்றாவது பிள்ளையின் பின் ஆறு வாரத்தில் படங்கு கட்டிக்கொண்டு மலையேறியவராக இருக்கலாம். தசை மிகவும் நைந்திருந்த நேரத்தில் ஓய்வு பாதியாக இருந்தது. நோய் வரலாறு எடுக்கும்போது எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்டால் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை வாரத்தில் வேலைக்குப் போனீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

நேபாளம் இந்த இடத்தில் நமக்கு நெருங்கிய பாடம். அங்கும் மலை, அங்கும் சுமை, அங்கும் பிரசவித்த கையோடு வேலை. 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம் கருப்பை இறக்கத்தைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறலோடு இணைத்துத் தீர்ப்பளித்தது. அரசு இலவச அறுவை முகாம்களை நடத்தியது. முகாம்களுக்கு எண்ணிக்கை இருந்தது, படம் இருந்தது. அதன் பிறகும் தடுப்பு வேலை போதவில்லை என்று 2014இல் அம்னெஸ்டி அமைப்பு குற்றஞ்சாட்டியது. கருப்பையை எடுத்துவிட்டு அதே சுமையைத் திரும்பத் தலையில் வைத்தால் சிறுநீர்ப்பை இறங்கலாம். மலையகத்துக்கு அறுவைப் பிரிவுகள் வேண்டாம் என்பது என் வாதமல்ல. அறுவை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை நேபாளம் நமக்கு முன்பே பார்த்துவிட்டது.

சிகிச்சை முறையும் மலைக்குத் தக்கபடி திரும்ப வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், மாமியாரும் பிள்ளைகளும் சுற்றியிருக்க, படுத்துக்கொண்டு பயிற்சி செய்யச் சொல்வது சொல்லாமலிருப்பதற்குச் சமம். நின்றபடி செய்யலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செய்யலாம். இதில் எனக்கு ஆகப் பிடித்த உத்தி ஒன்று உண்டு. 1998இல் மில்லரும் சகாக்களும் வயதான 27 பெண்களுக்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்தது. இருமப் போகும் கணத்துக்குச் சற்று முன்பே இடுப்புத்தளத்தை இறுக்கு. அவ்வளவுதான். நடுத்தர இருமலில் கசிவு சராசரி 98 வீதமும் ஆழ்ந்த இருமலில் 73 வீதமும் குறைந்தது. மாதக்கணக்கில் தசை வளரக் காத்திருக்கத் தேவையில்லை, நேரத்தைப் பிடித்தால் போதும். மடுவத்தில் பையைத் தூக்குவதற்கு முன், இறுக்கு, மூச்சை விடு, அப்புறம் தூக்கு. இதை மடுவத்திலேயே, பையோடு, கற்றுக்கொடுக்க வேண்டும். கொழும்பின் குளிரூட்டிய அறையில் ரப்பர்ப் பட்டியோடு பழகிய இயன்மருத்துவர் ஒரு வாரமாவது மலையில் நின்று, தானும் அந்தக் கயிற்றைத் தலையில் போட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது என்று அவருக்கே தெரியும்.

மூன்றாவது பாடம் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு துண்டு எழுதுவது. கர்ப்பிணிக்குப் பல தோட்டங்களில் லேசான வேலை கொடுக்கும் வழக்கம் உண்டு. இறக்கம் உள்ள பெண்ணுக்கும், வளையம் பொருத்திய பெண்ணுக்கும், பிரசவித்துத் திரும்பிய பெண்ணுக்கும் அதே உரிமையைத் துண்டில் எழுதிக் கொடுக்க மருத்துவத் தரப்பு தயாராக இருக்க வேண்டும். "சுமை தூக்க வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் தோட்டத்துரை அதைக் குப்பையில் போடுவார். "நிறுவைக்குப் பையை வேறொருவர் தூக்கட்டும், ஒரு தடவைக்கு இத்தனை கிலோவுக்கு மேல் வேண்டாம், இத்தனை வாரத்துக்கு" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நிறுவையை நாளுக்கு மூன்றிலிருந்து நான்காகக் கூட்டுவது, மடுவத்தில் தராசைத் தாழ்த்திக் கட்டுவது, மலையில் ஒரு கழிப்பறை வைப்பது ஆகியவையும் இயன்மருத்துவத்துக்குள் வருபவைதான். சான்றளிப்பு நிறுவனங்கள் தேயிலையைத் தணிக்கை செய்ய வரும் தோட்டங்களில் கழிப்பறை பற்றி ஏற்கனவே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு தராசின் உயரத்தையும் சேர்க்கச் சொல்லலாம்.

குழு வகுப்பின் நேரத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. ஞாயிறு என்றால் கைக்காசுக் கொழுந்து (உடன்காசுக்குப் பறிப்பது), துணி துவைப்பு, கடை. மாலை என்றால் சமையல். ஆகவே காலைப் பிரட்டுக்கும் (ஆள் கணக்கெடுப்பு) முதல் நிறுவைக்கும் இடையிலோ, மதிய நிறுவையை ஒட்டியோ, வாரம் ஒரு அரை மணி நேரம் வேலை நேரத்துக்குள் வேண்டும். பிள்ளைக்காம்பராவில் (குழந்தை பராமரிப்பு அறை) இடமிருக்கும், பாலூட்ட வரும் தாய்மார் எப்படியும் அங்கே கூடுகிறார்கள். ஆனால் அந்த அரை மணிக்குப் பறித்த கொழுந்து குறையும். பேர் கழியுமா என்பதை யார் தீர்மானிப்பது? முன்பு இதை எழுத ஒரு தாள் இருந்தது. தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் சேர்ந்து புதுப்பித்துவந்த கூட்டு ஒப்பந்தம். 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கியதும் கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சபை சம்பளத்தைத்தான் நிர்ணயிக்கும், பிள்ளைக்காம்பராவில் செலவாகும் அரை மணியை அல்ல. இப்போதைக்கு அது ஒவ்வொரு தோட்டத்திலும் துரையும் தொழிற்சங்கத் தலைவரும் பேசி முடிக்க வேண்டிய காரியம். அந்தப் பேச்சில் இதுவரை தலைவர்களாக உட்கார்ந்தவர்கள் அநேகமாக ஆண்கள்.